அம்மா நாக்கு

“மரத்தைப் பாக்கப் போறவன் மரத்தை மட்டும் பாத்துட்டு வரணும்டா, அங்க நின்னுக்கிட்டு...” அங்கே நின்றுகொண்டு என்ன? பெரியப்பா அதை முடித்திருந்தார், அது மட்டும் நிச்சயம், சோறானாலும் சண்டையானாலும் பாதியில் விட்டு எழுகிற ஆள் இல்லை அவர். சவரம் செய்துகொண்டே சொன்னது. கன்னத்தில் சோப்பு நுரை, ஜன்னல் கம்பியில் செருகிய கண்ணாடியில் அவர் தாடைக்குப் பக்கத்தில் பூமிநாதனின் ஒரு கண்ணும் தெரிந்தது, வெளியே யாரோ மிளகு காயப்போட்ட பாயை உதறினார்கள், எல்லாம் அப்படியே இருக்கிறது, கடைசிச் சொல் மட்டும் இல்லை. நின்னுக்கிட்டு யோசிக்கக் கூடாது. நின்னுக்கிட்டு வேண்டிக்கக் கூடாது. நின்னுக்கிட்டு பயப்படக் கூடாது. எதை வைத்தாலும் பொருந்தியது, ஆகவே எதுவும் அது இல்லை. இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது, ஒரு சொல் கழன்று விழும், அப்புறம் இன்னொன்று, பெரியப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் அப்படித்தான், தண்ணீர்ச் செம்பைக் காட்டி ‘அது, அது’ என்பார். ஐம்பதைத் தொடுமுன்பே ஆரம்பிக்குமா? எதிரே காட்டுமா மரம். ஒரு ஜீப்பை அதன் பின்னால் நிறுத்தினால் முன்னாலிருந்து பம்பர்கூடத் தெரியாது. இந்தக் கோயில்காட்டுக்குள் ஊர் நுழைவது வருஷத்தில் ஒரே நாள், ஆடிப் பொங்கல் அன்று, மற்ற நாளில் விழுந்த பழத்தை எடுக்கக்கூட ஒருவரும் வரமாட்டார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் பார்வைக்காரன் மட்டும் தனியாக வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போவான். காட்டுக்குள் கால் வைத்த நேரத்திலிருந்து கோயில் வாசலில் வாக்குச் சொல்லும்வரை அவன் வாய் திறக்கக் கூடாது. ‘அம்மா இருக்காளா?’ என்று கேட்பார்கள். ‘இருக்கா’ என்றால் மறுநாள் மரத்தடியில் ஊர் முழுக்க அடுப்பு மூட்டும். ‘இல்லை’ என்றால் அன்றைக்கே மரத்தை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். பார்வை அவர்கள் குடும்பத்துக்கு உரியது. பெரியப்பா ஆயுசு முழுக்கப் பார்த்தார், ஆயுசு முழுக்க ‘இருக்கா’ என்றார், போன தையில் கண்ணை மூடினார், இப்போது பூமிநாதன். முதல் பார்வை. மேலே இலைகளுக்குள் காற்று புகுந்து சாமான் உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்தில் மரப்பட்டையைப் பிளந்துகொண்டு காளான் நாக்குகள் நீட்டியிருந்தன, ஈரல் நிறத்தில், ஓரம் மட்டும் வெளுத்து, அடியில் சிவந்த துளிகள் கோத்துத் தொங்க. போன வருஷம் ஒன்று இருந்தது. இன்று மூன்று. ஊர் இதை அம்மா நாக்கு என்று கும்பிடும், நாக்கு நனைந்திருந்தால் அம்மா எதையோ கேட்கிறாள் என்று சொல்லும். என்ன கேட்கிறாள் என்பதுதான் அவனுக்குத் தெரியும். நடுமரத்தைக் கேட்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ன, எடுத்துக்கொண்டு முடித்தேவிட்டாள்.

மரச்சுத்தியலால் தட்டினான். தட்டு, நகர், தட்டு. மேற்கே திண்ணென்ற சத்தம், வடக்கேயும் அதுதான், உள்ளே குடைந்துபோயிருந்தாலும் வெளிச்சுவர் முழக்கணக்கில் நிற்கிறது என்று அர்த்தம். இதில் பயமில்லை. நடுமரத்தைத் தின்கிற காளான் மரத்தைக் கொல்வதில்லை, செத்துப்போன உள்மரத்தைத்தான் தின்னும், உயிருள்ள சுவரை விட்டுவைக்கும், அப்படிக் குழாய்போல ஆன மரம் காற்றில் இன்னும் நூறு வருஷம் நிற்கும். இதைத்தான் ஸ்வீடனில் இருபது வருஷம் படித்தான், அளந்தான், எழுதினான், அந்த மொழியிலும் ஆங்கிலத்திலும். பயம் கீழே இருந்தது. மரத்தைச் சுற்றி மேடை, பளபளவென்று டைல்ஸ், ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரு தாமரை. இவன் ஊர் திரும்புவதற்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற ஒரு பக்தர் செய்த உபயம். காட்டுக்குள் ஒரு நாள்தான் நுழையலாம் என்பதால் பொங்கலன்றைக்கே கொத்தனார்கள் வந்து, ஒரு பக்கம் பொங்கல் கொதிக்க மறுபக்கம் மேடைக்கு அஸ்திவார வாணம் தோண்டி, குறுக்கே வந்த வேரையெல்லாம் கோடாலியால் வெட்டி எறிந்துவிட்டு, இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டுமே என்று சிமெண்டைக் கொட்டி, அடிமரப் பொந்தில் மிச்சச் சிமெண்டை அடைத்து, அதன்மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையும் அடித்திருந்தார்கள். எல்லாம் பக்தியில் செய்தது. ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. அந்த வெட்டுவாய் வழியாகத்தான் இன்னொன்று நுழைந்திருந்தது. மேடையின் ஓரத்தில் பெயர்ந்த டைல்ஸைத் தூக்கிப் பார்த்தான், வேர்ப்பட்டைக்குள் பாலாடைபோல வெள்ளைப் படலம், எந்தத் தோட்டத்தில் எந்தச் செத்த வேரைத் தோண்டினாலும் கிடைக்கிற சாதாரணப் பூஞ்சை, உலகம் முழுக்க இருக்கிறது, யாரும் அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. கொல்வது இது. பழி போவது மேலே நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதன்மேல். காற்று வருகிற பக்கத்தில் மேடைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரிசல். அதற்குள் சுண்டுவிரலை விட்டான். காற்று வந்தது, விரிசல் அகன்றது, விரலைச் சுற்றிக் குளிர்ச்சி. காற்று தணிந்தது, விரிசல் மூடியது, விரலைக் கவ்வியது. வலிக்கவில்லை, பல் முளைக்காத குழந்தை கடிப்பதுபோல இருந்தது. மறுபடி அகன்றது. மறுபடி கவ்வியது. இவ்வளவு பெரிய மரம் முழுசாக இவன் சுண்டுவிரலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உருவினான். நாளைக்கே விழலாம், பத்து வருஷம் கழித்தும் விழலாம், விழுந்தால் கிழக்கே, அடுப்பு வைக்கிற வெட்டவெளியில், அதில் சந்தேகமில்லை. ஸ்வீடனில் கூட வேலை பார்த்த ஆன்டர்ஸும் இவனும் ஒரு தடவை, காற்றே இல்லாத நண்பகலில், காட்டில் சாப்பாடு பிரித்தார்கள், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று ஆன்டர்ஸ் எழுந்து நகர, இவனும் சலிப்போடு எழுந்து நகர்ந்தான், ஃபிளாஸ்க்கை எடுக்க மறந்து. பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு மாதிரிதான் வந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் உட்கார்ந்த இடத்தில் மரம் கிடந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் காதுக்கு வந்து சேர்ந்தது, அல்லது அப்படித்தான் ஞாபகம். ஃபிளாஸ்க் தட்டையாக, தகரத் தட்டுபோல. ஆன்டர்ஸ் சிரித்தான், ரொம்ப நேரம் சிரித்தான், நிறுத்த முடியவில்லை அவனால். இங்கே நாளைக்கு உட்காரப் போகிறவர்கள் வெயில் அடிக்கிறது என்று நகர மாட்டார்கள். பொங்கி வழியும்வரை அடுப்பை விட்டு அசையக்கூடாது.

எல்லைக் கல்லின்மேல் சடையாண்டி உட்கார்ந்திருந்தான், மடியில் பூமிநாதனின் செருப்பு. தங்கை கோமதியின் புருஷன், கீழே ரயிலடிவரை ஜீப் ஓட்டுகிறவன், பத்து ஊர்ப் பேச்சை ஒரே வாயில் வைத்திருக்கிறவன். “வாங்க மச்சான், வாங்க. என்ன, மூஞ்சி ஒரு முழத்துக்குத் தொங்குது? அம்மா சிடுசிடுன்னாளா? சரி சரி, சொல்ல வேணாம், தலைய ஆட்டுனாலும் வாக்குதான், பேப்பர்ல எழுதுனாலும் வாக்குதான், எனக்குத் தெரியும். கழுத்த இறுக்கி வச்சுக்கங்க, ஈ வந்தாக்கூட ஓட்டாதீங்க.” செருப்பைப் போட்டு விடாத குறையாகக் காலடியில் வைத்தான். “ரெண்டு தேசத்து இங்கிலீசு பேசுன வாயி, இப்படி மூடிக் கெடக்குறதப் பாக்க எனக்குக் கண்ணு கலங்குது. ஊருக்கு வந்ததுலேர்ந்து காளான், காளான்னு எங்க உசுர எடுத்தீங்கல்ல, இன்னைக்கு என் முறை.” சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காப்பித்தோட்டத்துப் பாதை இறங்கியது, மிளகுக்கொடி தோளை உரசியது, பின்னால் காடு காற்றில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது, பார்க்கவில்லை. வெட்டிவிட்டால் என்ன? வெட்டலாம். ‘இல்லை’ என்று ஒரு சொல். நாளைக்கு ஒரு தலையும் நசுங்காது. இந்த நாக்கு ஒன்றும் மனுஷ உயிரைவிடப் பெரிசில்லை, யார் சொன்னார் பெரிசென்று. ஆனால் ஊரில் வெட்டின மரம் கிடக்கக் கூடாது. மனுஷன் கையால் சாய்த்த மரம் பிணம். பிணத்துக்குப் பொழுது சாய்வதற்குள் தீ வைத்தாக வேண்டும், முழுக்க எரிய வேண்டும், சுள்ளி மிச்சமில்லாமல், மரத்தூளைக்கூடக் கூட்டி அள்ளி, பால் தெளித்து. தானாக விழுந்த மரம் வேறு. அது அம்மா படுத்துக்கொண்டது. அதை ஒருவரும் தொடமாட்டார்கள், தொட்ட கை வெந்துபோகும், புது மரத்தைத் தேடிக் கும்பிட்டுக்கொண்டு இதை விட்டுவிடுவார்கள். விழுந்த மரத்தில் அந்தக் காளான் இன்னும் ஐம்பது வருஷம் வாழும். கிடந்தபடி தின்னும், மழைக்கு மழை நாக்கு நீட்டும், தூள் பறக்கும், பக்கத்தில் இப்போது இளசாக நிற்கிற காட்டுமாக்களுக்கு அதற்குள் வயசாகியிருக்கும், ஏதாவது ஒன்றில் ஏறிக்கொள்ளும். அதற்கு வேண்டியதெல்லாம் இந்த மரம் தானாக விழுவது. ‘இருக்கா’ என்று சொல்லிவிட்டு இவன் சும்மா இருப்பது. அந்த இடத்தில் நினைப்பு வந்து முட்டி நின்றது. சறுக்கல் பாதையில் கால் தானாக நிற்பதுபோல. சும்மா இருப்பது என்றால் என்ன, யார்மேல் விழும், சொல், முழுசாகச் சொல்.

போன வாரம் கமிட்டியில் சொல்லிப் பார்த்தான். அடுப்பை இந்த வருஷம் எல்லைக் கல்லுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமே என்றான், காட்டுக்குள் இப்படி ஒரு உயிர் இருக்கிறது, வேறெங்கும் இல்லை, நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் பார்த்து எழுதிவைத்தது, அதற்குப் பிறகு படித்தவர் யார் கண்ணிலும் படவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தில் இருந்ததாகச் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் அங்கே ரிசார்ட்டின் கார் நிறுத்துமிடம். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வாக்கியங்கள் தலை நிமிர்ந்து நடந்தன. தமிழில், அந்தக் கமிட்டி ஹாலில், மின்விசிறி கிரீச்சிட, மரத்தைத் தின்பதைக் காப்பாற்றுங்கள் என்று சொன்ன வாய்க்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. தலைவர் ராசாங்கம் கெட்டவர் இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார், கடைசியில் “தம்பி, கரையானுக்கு சர்க்கரை வைக்கச் சொல்றீங்களா?” என்றார், எல்லாரும் சிரித்தார்கள், இவனும் சிரித்துத் தொலைத்தான். அப்புறம் அவர் சிரிக்காமல் சொன்னார், “இங்க ரெண்டு வார்த்தைதான் தம்பி. இருக்கா, இல்ல. மூணாவது வார்த்தைக்கு நம்மூர்ல எடமில்ல.” வேர் செத்தது அன்றைக்கு இவனுக்கே தெரியாது, இன்று சொன்னாலும் விழப்போகிற மரத்தில் அம்மா இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், கோடாலிதான். வனத்துறைக்காரர் கோயில் நிலம் சார், நீங்களே பேசிக்கோங்க என்று வண்டியேறிவிட்டார். அவரை என்ன சொல்வது. இறக்கத்தில் பிடித்து நடந்த செடியின் கிளை கையோடு ஒடிந்தது, காப்பியின் பச்சை வாசனை. காளானின் வாசனை வேறு, ஈரப்பித்தளையும் பழம்புளியும் சேர்ந்த மாதிரி. காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பதால் இவன் எடுத்ததில்லை. ஒரு பொங்கலன்று நாக்குக்குக் கீழே நின்றபோது தோளில் துரு நிறத்தில் தூள் படிந்திருந்தது, சட்டையோடு வீட்டுக்கு வந்தது, சட்டையை உதறி வளர்த்தான். கண்ணாடித் தட்டில் பூத்தது, மெதுவாக, அசட்டு மெதுவாக, வெள்ளை நூல் நூலாக. மரத்துண்டுகளில் ஏற்றி மலைக்கு மேலே சோலைக்காட்டில் விழுந்து கிடந்த கட்டைகளில் துளைபோட்டு அடைத்தான். அடுத்த மழையில் போய்ப் பார்த்தால் பச்சைப் பாசிப்பூஞ்சை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இது போட்டி போடத் தெரியாத உயிர். பெரிய மரம் வேண்டும், பழைய மரம் வேண்டும், யாரும் தொடாத நூறு வருஷம் வேண்டும். இப்படி ஒன்று எப்படிப் பிழைத்தது இதுவரை? தொட்டால் கை வெந்துபோகும் என்று நம்பினவர்களால் பிழைத்தது. இவன் ‘இல்லை’ என்றால் அதே ஆட்கள்தான் இன்று மாலைக்குள் அதைக் கொளுத்தவும் போகிறவர்கள். சடையாண்டி முன்னால் நடந்தபடி பேசிக்கொண்டே இருந்தான். “உங்க தங்கச்சி நேத்துலேர்ந்து தூங்கல மச்சான். தலையடுப்பு நம்ம வீட்டுக்குன்னா சும்மாவா? மேடைக்கு ஒட்டி மொத அடுப்பு. அன்னக்கி நம்ம புள்ள காச்சலுக்கு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நேந்துக்கிட்டது. எனக்கு ஒரு கவலதான், பொங்க வழியும்போது எந்தப் பக்கம் வழியுமோன்னு.” கிழக்கே, என்று நினைத்தான் பூமிநாதன், கிழக்கே விழும், நினைத்தது வாயால் வந்துவிட்டதோ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தான். மூடித்தான் இருந்தது.

கோமதியின் உச்சி வகிடு. சின்ன வயதில் அவளுக்கு இவன்தான் தலை பின்னி விடுவான், அம்மா தோட்டத்துக்குப் போய்விட்டதால், கோணல் மாணலாக, ‘அண்ணே, வகிடு நேரா எடு’ என்பாள், சீப்பின் நுனி மண்டையில் கோடு போடும்போது தோள் குறுகுவாள். அந்தக் கோடு. அதன்மேல் ஒரு மரம். நினைப்பை அங்கிருந்து இழுத்தான், அது வரவில்லை, விரிசலுக்குள் விட்ட விரல்போல மாட்டிக்கொண்டது. ‘இருக்கா’ என்று சொல்லிவிட்டு அவளை மட்டும் எதையாவது சொல்லி வீட்டில் நிறுத்தலாமா? அவளை நிறுத்தினால் அந்த இடத்தில் அடுத்த வீட்டுக்காரி உட்காருவாள். அவளுக்கும் உச்சியில் வகிடு உண்டு. சீ என்று வந்தது, தன்மேலேயே. அப்படியானால் ‘இல்லை’. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும், இன்ன தேதியோடு இது உலகத்தில் இல்லை என்று. எழுதுவதற்கு வேறு யாருமில்லை, பார்த்தவன் ஒருவன்தான். தீ பிடிக்கும்போது நாக்கு எப்படி எரியும்? ஈரம் இருக்கிறது, முதலில் சீறும். “பேசாம வர்றீங்களே, ஒங்க வம்சத்துல இது புதுசில்ல, தெரியுமா?” சடையாண்டி ஓடையைத் தாண்டுகிற கல்லில் ஒற்றைக் காலில் நின்று திரும்பினான், கதை சொல்கிற முகம். “ஊமைப் பார்வைக்காரருன்னு ஒருத்தரு. ஒங்க பாட்டனுக்குப் பாட்டன், அவருக்கும் பாட்டன் முறை. பாத்துட்டு எறங்கி வர்றப்ப இதே ஓடையில வாதம் அடிச்சிருச்சு. வாய் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். ஊரு வாசல்ல நிக்கிது, அம்மா இருக்காளான்னு கேக்குது, மனுசன் பேந்தப் பேந்த முழிக்கிறாரு. என்ன பண்ணுவ? பாத்தவன் வாக்கு சொல்லாம இன்னொருத்தன் பாக்கப் போக முடியாது. வாக்கு இல்லாம அடுப்பும் வைக்க முடியாது, கோடாலியும் வைக்க முடியாது. காட்டப் பூட்டுன மாதிரிதான். அவரு சாகுற வரைக்கும், எத்தன வருசமோ, ஊரே வீட்டு வாசல்ல பொங்குச்சாம். அம்மா ஒண்ணும் கோவிச்சுக்கல, ஊருதான் கோவிச்சுக்கிருச்சு. அவரு வீட்டுக்கு நெருப்புக்கூட யாரும் குடுக்கல.” கல்லிலிருந்து இறங்கிச் சிரித்தான். “ஆனா ஒண்ணு மச்சான், சோறு மட்டும் ரெண்டு பக்கத்துலயும் மென்னு நல்லா சாப்புட்டாராம். அதனால வாதமெல்லாம் இல்ல, வேணும்னேதான் வாயத் தொறக்கலன்னு சொல்றவங்களும் உண்டு. எதுக்குன்னுதான் யாருக்கும் தெரியல.”

கேட்டிருந்த கதைதான். சின்ன வயதில் எத்தனையோ தடவை, சிரித்திருக்கிறான், கோணல் வாயை நடித்துக் கோமதியைச் சிரிக்க வைத்திருக்கிறான். இன்றுதான் காதில் விழுந்தது. ஓடைத் தண்ணீர் கணுக்காலைச் சுற்றி இழுத்தது, அடுத்த கல்லுக்குக் கால் எடுக்காமல் நின்றான். அந்த மனுஷன் என்ன பார்த்தார் அங்கே? இதே மரமாக இருக்காது, இதற்கு முந்தின மரம். அதிலும் நாக்கு இருந்ததா? இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதற்கு எங்கிருந்து வந்தது. வெட்டாமல் விட்டதால், எரிக்காமல் விட்டதால். யாருக்காக மூடினார் அந்த வாயை? ஒருவேளை வாதம்தானோ என்னவோ. எத்தனை வருஷம்? யாரிடமும் ஒரு சொல் இல்லாமல், பெண்டாட்டியிடம், பிள்ளையிடம், மாட்டிடம்கூட. ஒரு சொல் வாயைவிட்டு வந்தால் அதுதான் வாக்கு, எழுதினாலும் வாக்கு, தலையசைத்தாலும் வாக்கு. ஞாயிற்றுக்கிழமை ஸ்வீடனிலிருந்து மகள் கூப்பிடுவாள், அங்கே காலை, இங்கே மத்தியானம், ‘அப்பா, என்ன சாப்பிட்டாய்’ என்று உடைந்த தமிழில் ஆரம்பிப்பாள், அவள் தமிழ் பேசுவது அந்த ஒரு வாக்கியம்தான், அதற்கு இவன் பதில் சொல்லியாக வேண்டும், அப்புறம்தான் மற்ற மொழிக்குப் போவார்கள். திரையில் ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பான். அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைப்பாள். பெரியப்பாவைப் போல. நிஜமாகவே அப்படித்தானோ? சொல் கழன்று விழுவதற்கு முன்னால் தானே கழற்றி வைத்துவிடுகிற தந்திரமோ? காற்று ஓடையின்மேல் கடந்தது, மேலே காட்டில் எங்கோ ஒன்று நீளமாக முனகியது. கிளை உரசுகிற சத்தம்தான். உடம்பு முழுக்கக் காதாக நின்றான். விழவில்லை. இன்னும் விழவில்லை. “என்ன மச்சான், ஓடையில காலு வேர் விட்டுருச்சா? வாங்க, ஊரு காத்துக்கெடக்கு.”

கோயில் வாசலில் பந்தல், குழாய்களில் பாட்டு, அவர்கள் வருவதைப் பார்த்ததும் யாரோ பாட்டை நிறுத்தினார்கள், நிறுத்தின பிறகும் ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. சுவரோரம் இரண்டு புதுக் கோடாலி, மஞ்சள் பூசி, பூச்சுற்றி. வருஷா வருஷம் வைப்பதுதான், பெரியப்பா காலத்தில் வருஷா வருஷம் தொடாமல் எடுத்துவைத்ததுதான். அதற்குப் பக்கத்தில் பெண்கள், அவர்களுக்கு முன்னால் புதுப்பானைகள், கழுத்தில் மஞ்சள்கொத்து கட்டி. கோமதி முதல் ஆளாக நின்றாள். “அண்ணே, பானையப் பாரு, ஒரு கீறல் இல்ல, நானே தட்டிப் பாத்து எடுத்தேன்” என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஐயோ, நீ பேசக் கூடாதுல்ல” என்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, “ஒங்கண்ணன் வெளிநாட்டுல பேசுனதே போதும், ரெஸ்ட் எடுக்கட்டும் விடு” என்றாள், ஒரு சிரிப்பு ஓடிப் பந்தல் ஓரத்தில் அடங்கியது. வகிடு நேராக இருந்தது. நரை ஓடியிருந்தது. அவள் இந்த அடுப்புக்காக எத்தனை வருஷம் காத்தாள் என்று இவனுக்குத் தெரியாது, இவன் இங்கே இல்லை அப்போது, அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்திருந்தபோது இவன் எங்கேயோ பனியில் ஒரு செத்த மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் நாளைக்காக ஏற்றிவைத்த வெளிச்சத்தை இவன் வாயைத் திறந்தாலும் அணைப்பான், திறக்காவிட்டாலும் அணைப்பான், ‘இருக்கா’ என்றால் மட்டும் அணையாது, நாளைக்குக் காற்று அடிக்கும்வரை அணையாது. அவள் பேசமாட்டாளோ அப்புறம்? சடையாண்டி ஜீப்பில் ஏற்றமாட்டான். வாசலில் நெருப்புக்கூடக் கிடைக்காது. ராசாங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பித்தளைச் செம்பில் தண்ணீர் நீட்டினார், இரண்டு கையாலும், இன்றைக்கு மட்டும் தம்பி இல்லை, இன்றைக்கு மட்டும் அவர் தலை இவனுக்குக் கீழே குனிந்திருந்தது. “பாத்த கண்ணுக்குப் பழுதில்ல, சொல்ற வாக்குக்கு மறுப்பில்ல. அம்மா இருக்காளா?” பந்தல் துணி காற்றில் உப்பியது, தணிந்தது, உப்பியது, அந்த விரிசல்போலவே, சுண்டுவிரலில் அந்தக் கவ்வல் இன்னும் இருந்தது. தண்ணீர் குளிர்ந்து தொண்டையில் இறங்கியது. இருக்கா, இல்லை, இருக்கா, இரண்டும் அடித்தொண்டையில் அடுத்தடுத்து நின்றன, கதவு திறந்ததும் இறங்கத் தயாராக. “தம்பி?” என்றார் ராசாங்கம், கொஞ்சம் தாழ்ந்த குரலில். “அண்ணே...” என்றாள் கோமதி. செம்பைத் திருப்பிக் கொடுத்தபோது பூமிநாதன் முடிவு செய்திருந்தான்: அந்த மரம் தானாக விழும்வரை, அல்லது தான் சாகும்வரை, யாரிடமும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.